ஊருக்கொரு வெண்திரை

சந்தைக்கு வரும் ஒவ்வொரு பண்டமும், தன்னை வாங்கப்போகிறவர் யார் என்ற கற்பனையொன்றைத் தன் உறையிலேயே அச்சிட்டுக்கொண்டு வருகின்றது. வீட்டில் படம் பார்ப்பதற்கென இன்று விற்கப்படும் புறொஜெக்டர்ப் பெட்டிகளின் உறையை நோக்குங்கள். மெத்தை இருக்கையொன்று; அதில் தாய், தந்தை, ஒரு குழந்தை; எதிரே சுவரை முழுவதும் அடைத்து நிற்கும் படம். அந்த வீட்டுக்கு அயலவர் இல்லை. வாசலில் நின்று எட்டிப்பார்க்கும் சிறுவன் இல்லை. வெற்றிலைத் தட்டத்துடன் மூலையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி இல்லை. 'உங்கள் வீடே திரையரங்கு' என்ற வாசகம் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். அரங்கை நீக்கிவிட்டுத் திரையை மட்டும் விற்கும் வித்தை இது. அந்த உறைப்படத்தில் இடம்பெறாத மனிதருக்காக ஒரு புறொஜெக்டரை, அதுவும் குறைந்த பணத்தில், தெரிவு செய்ய நேர்ந்தபோது எங்கள் முன் எழுந்த கேள்விகளையே இங்கு எழுதுகின்றேன்.

கல்குடாவிலும் அதனையடுத்த ஊர்களிலும் உள்ள ஆசிரியர் சிலர், உயர்தர வகுப்பு மாணவ மாணவியர், கடற்றொழிலாளர் சிலர், இரண்டு தையற்காரப் பெண்கள் ஆகியோர் சேர்ந்து வாசகர் வட்டம் ஒன்றை நடத்தி வருகின்றோம். தமிழரும் முஸ்லிம்களும் அதில் உளர். மாதந்தோறும் ஒரு நூலைப் படித்து உரையாடுவது வழக்கம். நூலோடு திரைப்படமும் வேண்டும் என்ற எண்ணம் மாணவிகளிடமிருந்தே வந்தது. மட்டக்களப்பு நகருக்குப் போய்ப் படம் பார்ப்பதென்றால் முப்பது கிலோமீற்றருக்கு மேல் பயணம். மாலைக் காட்சி முடிந்தபின் திரும்பிவர வாகனம் தேட வேண்டும். ஆண் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டே கிடக்கின்றது. எல்லார் கையிலும் கைத்தொலைபேசி உண்டே எனலாம். உண்மைதான். ஆனால் உள்ளங்கை அளவான கண்ணாடியில், காதில் ஒலிக்குமிழைச் செருகிக்கொண்டு, ஒருவர் சிரிப்பதை மற்றவர் அறியாது பார்ப்பது ஒரு கலை அனுபவமா, அல்லது தனிமையின் இன்னொரு வடிவமா?

மட்டக்களப்பு மண்ணில் இக்கேள்விக்குத் தனிப் பொருள் உண்டு. வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை வளர்த்த நாடு இது. வட்டக்களரியைச் சூழ ஊரே அமர்ந்து விடிய விடியப் பார்த்த மரபு எங்களுடையது. அண்ணாவியாருக்கும் உடுப்புக்கும் ஒளிக்குமான செலவை ஊரே பகிர்ந்துகொண்டது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இக்கூத்துக்களை நவீன மேடைக்குக் கொண்டுசென்றபோது, படித்த உலகம் அதன் பெருமையை உணர்ந்தது. களரியில் ஆட்டம் மட்டுமா நிகழ்ந்தது? பார்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் ஒரு கூட்டத்தை ஊராக்குகின்றது.

ஆகவே எங்கள் முதற் கேள்வி எந்தக் கருவி என்பதன்று; யாருடைய கருவி என்பதே.

இக்கேள்வியை நாங்கள் வெறுஞ் சித்தாந்தமாக எழுப்பவில்லை. எங்கள் எண்ணத்தைக் கேள்வியுற்ற செல்வர் ஒருவர், விலையுயர்ந்த புதிய கருவியொன்றை அன்பளிப்பாகத் தர முன்வந்தார். இரண்டு நிபந்தனைகள்: ஒவ்வொரு காட்சியிலும் படம் தொடங்குமுன் அவர் பெயரும் உருவமும் திரையில் தோன்ற வேண்டும், என்ன படம் காட்டப்படும் என்பதை முன்கூட்டி அவருக்குத் தெரிவித்து இசைவு பெற வேண்டும். வட்டத்தில் இரண்டு கிழமை விவாதம் நடந்தது. "பெயர்தானே, போட்டுவிட்டுப் போவோம், பிள்ளைகளுக்கு நல்ல படம் கிடைக்குமே" என்றனர் சிலர். அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வறுமையில் தன்மானம் பேசுவது சிலவேளை ஆடம்பரமாகவும் முடியும்.

விவாதத்தைத் தீர்த்துவைத்தவர் கரைவலை இழுத்து மூப்படைந்த ஒருவர். அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே தருகின்றேன்: "ரீச்சர், வலை முதலாளிர வலையெண்டா, பங்கும் முதலாளிர கணக்குத்தான். எத்தின பேர் இழுத்தாலும் மீன் அவருக்குத்தான் முதல்ல விழும். சின்ன வலையெண்டாலும் நம்மட வலையா இருக்கட்டும்." அரசியற் பொருளாதார நூல்களிற் பல பக்கங்கள் எடுத்துக் கூறுவதை நான்கு வரியில் கூறிவிட்டார். அன்பளிப்பை மரியாதையுடன் மறுத்தோம். முப்பத்தெட்டுப் பேர் தத்தம் வருவாய்க்கேற்பப் பணம் போட்டனர். மாணவர் நூறு ரூபாவும் கொடுத்தனர். ஆசிரியர் சிலர் ஐயாயிரமும் கொடுத்தோம். எழுபத்தையாயிரம் ரூபா சேர்ந்தது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு முன் ஒரு டொலர் ஏறக்குறைய இருநூறு ரூபாவாக இருந்தது. அவ்வாண்டிலேயே அது முந்நூற்றைம்பதைத் தாண்டிற்று. இறக்குமதிப் பொருள் எதுவாயினும் அதன் விலை உழைப்பவர் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவும் இல்லை. ஆசிரியர் சம்பளமோ மீனவர் வருவாயோ அந்த வேகத்தில் ஏறவில்லை என்பதை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எங்கள் எழுபத்தையாயிரம் அத்தகைய சந்தைக்குள் நுழைந்தது.

அந்தத் தொகைக்குள் இருவகைக் கருவிகள் கிடைத்தன. ஒன்று, புத்தம் புதிய, கையடக்கமான, பளபளப்பான சிறு கருவி. அதன் விளக்கு ஒளியுமிழ் இருவாயி. முப்பதாயிரம் மணி நேரம் எரியும் என்று உறை கூறிற்று. ஒளி 'ஒன்பதாயிரம் லூமன்' என்றும் கூறிற்று. மற்றையது, கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட, கீறல் விழுந்த, பழைய கருவி. விளக்கு நாலாயிரம் மணி நேரமே எரியும். ஒளி மூவாயிரம் லூமன். மேலோட்டமாகப் பார்ப்பவர் எதைத் தெரிவு செய்வார் என்பதில் ஐயமில்லை. நாங்களோ எங்கள் விஞ்ஞான ஆசிரியரைத் துணைக்கழைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம்.

அந்தச் சிறு கருவி உண்ணும் மின்சாரம் அறுபது வோட் என்று அதன் அடியிலேயே பொறித்திருந்தது. நல்ல வெண்ணிற இருவாயி ஒரு வோட்டுக்கு நூற்றிருபது லூமன் வரை தரலாம். அறுபது வோட்டும் ஒளியாகவே செலவானாலும் ஏழாயிரத்து இருநூறுக்கு மேல் பிறக்க வழியில்லை. பிறந்த ஒளியும் அப்படியே சுவரை அடைவதில்லை. ஒற்றைப் பளிங்குப் பலகையூடாக அது செல்ல வேண்டும். முனைவாக்கி அதிற் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். நிறவடிகள் எஞ்சியதில் மூன்றில் இரண்டை விழுங்கிவிடும். வில்லையும் பிறவும் தத்தம் பங்கைப் பெறும். இறுதியில் பத்திலொன்றுகூடத் திரையைச் சேராது. ஒன்பதாயிரம் என்று எழுதியிருப்பது சில நூறாக முடிகின்றது. விளம்பரத்தில் பூச்சியங்களுக்கு விலையில்லை போலும்! ஆகவே பொது அளவை முறைப்படி, திரையில் விழும் ஒளியை ஒன்பது இடங்களில் அளந்து சராசரி கண்டு கூறப்படும் 'ஆன்சி லூமன்' எவ்வளவு என்று வினவுவதே வாங்குபவரின் முதற் கடமை. அதற்கு விடை கூறாத விற்பனையாளரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய தேவை இல்லை.

எங்களுக்கு எவ்வளவு ஒளி வேண்டும்? திரையரங்குகளில் ஒரு சதுர அடித் திரைக்கு ஏறத்தாழ பதினைந்து லூமன் என்பது நெடுங்கால வழக்கு. பத்தடி அகலமான திரை ஐந்தரை அடிக்குச் சற்று மேல் உயரங் கொள்ளும். பரப்பு ஐம்பத்தாறு சதுர அடி. பெருக்கினால் எண்ணூற்று நாற்பது லூமன். இது கும்மிருட்டுக்கான கணக்கு. எங்கள் மண்டபத்துக்குக் கதவில்லாத வாசல்கள் உண்டு. வெளியில் காட்டினால் நிலவும் தெருவிளக்கும் உண்டு. விளக்கு பழையதானால் ஒளி பாதியாகவும் குறையும். ஆகவே உண்மையான இரண்டாயிரம் லூமனுக்குக் குறையக்கூடாது என்று தீர்மானித்தோம். பழைய கருவி மூன்று பளிங்குப் பலகைகள் கொண்டது. செம்மை, பசுமை, நீலம் என ஒளியை முதலிலேயே பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனிப் பலகைக்கு அனுப்பிப் பின் சேர்ப்பதால் நிறவடியில் ஒளி வீணாவதில்லை. கீறல் விழுந்த அந்தக் கிழட்டுக் கருவியே எங்கள் தேவைக்குப் போதுமானதாயிற்று.

விளக்கின் ஆயுள் பற்றிய கணக்கு இன்னும் சுவையானது. நாளாந்தம் நாலு மணி நேரம் தன் வீட்டில் படம் பார்ப்பவருக்கு நாலாயிரம் மணி நேர விளக்கு மூன்றாண்டுக்குள் தீர்ந்துவிடும். அவருக்கு முப்பதாயிரம் என்ற எண் பெறுமதியுடையது. நாங்களோ மாதம் இரண்டு காட்சி, காட்சிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால், ஆண்டுக்கு எழுபத்திரண்டு மணி நேரமே எரிப்போம். அரைவாசி எரிந்து முடிந்த விளக்கும் எங்களுக்கு இருபத்தைந்து ஆண்டுக்குப் போதும். கருவியின் பிற உறுப்புகள் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். தனியொருவரின் தேவைக்கென வகுக்கப்பட்ட அளவுகோலைக் கொண்டு கூட்டத்தின் தேவையை அளந்தால் நட்டமே மிஞ்சும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ஏனையவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றேன். படத்தின் நுணுக்கம் பற்றி விளம்பரம் கூறும்போது, எத்தகைய படத்தை ஏற்கும் என்பதையும், கருவி தானே எத்தனை புள்ளிகளால் படம் வரையும் என்பதையும் பிரித்தறிய வேண்டும். '1920க்கு 1080ஐ ஏற்கும்' என்று எழுதப்பட்ட சில கருவிகள் 800க்கு 480 புள்ளிகளாலேயே வரைகின்றன. எங்கள் கருவி 1280க்கு 800. பின்வரிசையில் இருப்பவரும் தமிழ் எழுத்தில் ஓடும் உரைவரிகளை வாசிக்க அது போதும். படத்தின் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் அதனை வைக்க வேண்டும். பத்தடிப் படத்துக்குப் பதினைந்தடி. பழைய கருவியை வாங்கும்போது விளக்கு எரிந்த மணிக்கணக்கை அதன் நினைவிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம். வெறும் வெண்ணிறத்தைத் திரையில் வீழ்த்தினால், மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டுக்கள் தெரியின் உள்ளே பலகையோ முனைவாக்கியோ கெட்டுவிட்டதென அறிந்து விலகலாம். ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்தபின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

கருவிக்கு நாற்பத்தாறாயிரம் ரூபா சென்றது. திரைக்கு ஐயாயிரம். தையற்காரப் பெண்கள் வெண்துணியின் பின்னால் கறுப்புத் துணியை வைத்துத் தைத்தனர். வெண்துணி மட்டுமாயின் ஒளியிற் பெரும்பகுதி ஊடுருவிப் பின்னால் போய்விடும். கடற்காற்றில் திரை பாய்போற் புடைக்குமே என்ற கவலையைக் கடற்றொழிலாளர் தீர்த்துவைத்தனர். ஓரங்களில் வலைநூலால் காதுகள் கட்டி, அடியில் வலைக்குப் பூட்டும் ஈயக்குண்டுகளைக் கோத்துவிட்டனர். பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் கம்பிகளும் பதினாலாயிரம். கருவியினுள்ளே இருக்கும் ஒலி ஒரு வகுப்பறைக்கே காணாது. கம்பியில்லா முறையில் ஒலியை அனுப்பினாலோ உதடு அசைந்த பின்னரே சொல் கேட்கும். உப்புக்காற்றிலிருந்து காப்பதற்குத் தகரப்பெட்டி ஒன்று மூவாயிரம். எஞ்சிய ஏழாயிரம் வருங்கால விளக்குக்காக வங்கியில் கிடக்கின்றது.

மின்சாரம் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்த நாடு இது. இவ்வகை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென அறுமாயின், உள்ளிருக்கும் விசிறியும் நின்று, சூடு தணியாது விளக்கின் ஆயுள் குறையும். ஆகவே வாகன மின்கலம் ஒன்றையும் அதன் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் ஒன்றையும் இரவலாகப் பெற்றுள்ளோம். நூறு அம்பியர் மணி மின்கலத்தின் பாதியைப் பயன்படுத்தினாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு அண்மையாகப் படம் ஓட்டலாம்.

இத்தனை கணக்கும் எதற்கு என்று கேட்கலாம். ஏழை கூட்டாகச் சேர்ந்து கருவி வாங்கிய கதை புதியதன்று; சினிமாவின் வரலாற்றோடு ஒட்டியே அதுவும் வந்திருக்கின்றது. 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர் காட்டிய படத்தைத் தனித்தனியே ஒருவர் பார்க்கவில்லை. கட்டணம் செலுத்திய ஒரு கூட்டம் ஒன்றாக அமர்ந்து பார்த்தது. அதற்குச் சற்று முன் எடிசனின் கருவியில், துளையூடாக ஒருவர் குனிந்து தனியே பார்க்கும் முறை இருந்தது. கூட்டமாகப் பார்க்கும் முறையே வென்றது. இன்றைய கைத்தொலைபேசி அந்தத் துளைக்கே நம்மை மீண்டும் அழைத்துச் செல்கின்றது எனின் மிகையாகாது.

1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ற், நோயுற்று நாடு திரும்ப விரும்பிய டுபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கை பற்றிய படச்சுருளையும் விலைக்கு வாங்கினார். சாதாரண ஊழியர் ஒருவரின் பல்லாண்டுச் சம்பளத்துக்குச் சமமான தொகை அது. அவர் வாங்கியதும் பழைய கருவியே. அதைக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கொண்டு சென்றார். தென்னிந்தியச் சினிமா அந்தக் கூடாரத்திலிருந்தே கிளம்பிற்று. எண்பது ஆண்டுகள் கழித்துக் கேரளத்தில் ஜோன் ஏபிரகாமும் தோழர்களும் அமைத்த 'ஒடேசா' இயக்கம், ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் சிறுதொகை திரட்டி, 1986இல் 'அம்ம அறியான்' என்ற படத்தையே ஆக்கிற்று. வின்சென்ற் வணிகர், ஒடேசாக்காரர் வணிகத்தை எதிர்த்தவர்கள். ஆயினும் படத்தை நாடி மக்கள் வருவதற்குக் காத்திராமல், மக்களை நாடிப் படம் போக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

எங்கள் ஈழத்துச் சினிமாவின் கதை வேதனை மிக்கது. 1960களின் தொடக்கத்தில் பதினாறு மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' தொடங்கிப் பல முயற்சிகள் நிகழ்ந்தன. 1977இல் தர்மசேன பத்திராஜ என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்து வாழ்வை வைத்துத் தமிழில் 'பொன்மணி'யை எடுத்தார். தென்னிந்தியப் படங்கள் நிறைந்த சந்தையில் அது ஓடவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்களும் எரிந்தன. எங்களைப் பற்றி எங்கள் மொழியில் எடுக்கப்பட்டவற்றை நாங்களே பார்க்க இடமின்றிப்போன இந்த நிலைமையில், ஊர்த் திரை என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று.

என்ன படம் காட்டுவது என்பதையும் வட்டமே வாக்கெடுத்துத் தீர்மானிக்கின்றது. சாப்ளினின் 'த கிட்' 1921இல் வெளிவந்தது. பேச்சில்லாத படமாதலால் தமிழ், சிங்களம் என்ற தடையில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே இடத்தில் சிரித்தனர், ஒரே இடத்தில் ஓய்ந்தனர். அடுத்து இத்தாலிய இயக்குநர் விஸ்கொந்தி 1948இல் எடுத்த 'லா தெரா திரேமா'. சிசிலித் தீவின் மீனவர்களே நடித்த படம் அது. மொத்த வியாபாரிகளின் பிடியிலிருந்து விடுபட வீட்டை ஈடுவைத்துத் தனித்து நிற்க முனையும் குடும்பமொன்று, புயலில் படகை இழந்து வீழ்கின்றது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தை எங்கள் மக்கள் பொறுத்திருந்து பார்ப்பார்களா என்று ஆசிரியராகிய நாங்கள் ஐயுற்றோம். கடற்றொழிலாளர் எவரும் எழுந்து போகவில்லை. பிடித்த மீனுக்கு வியாபாரி விலை குறைத்துப் பேசும் காட்சியில் பின்னாலிருந்து ஒருவர், "இஞ்சயும் இதே கதைதான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எந்தத் திறனாய்வாளர் எழுதியிருக்க முடியும்? பத்திராஜவின் 'பம்பரு எவித்' 1978இல் வந்தது. அதுவும் கற்பிட்டிக் கரையோர மீனவர் கதையே. சிங்களப் படமாதலால், அதன் உரையாடலை மாணவர் இருவர் தமிழாக்கிக்கொண்டிருக்கின்றனர்.

எந்த இடத்தில் காட்டுவது என்பது கடைசியாகத் தீர்ந்த வினா. முதலில் எழுந்ததும் அதுவே. போர் இந்தப் பிரதேசத்தில் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே எழுப்பிய சுவர் 2009உடன் தானாக விழுந்துவிடவில்லை. ஓர் ஊரில் நிலையாகப் பொருத்தினால் மற்றைய ஊர்ப் பிள்ளைகள், சிறப்பாகப் பெண் பிள்ளைகள், இருட்டியபின் வரமாட்டார்கள். மூன்று கிலோ நிறையுள்ள, எந்த மேசையிலும் வைக்கக்கூடிய கருவியே வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவே காரணம். ஒரு மாதம் இந்த ஊர், மறுமாதம் அந்த ஊர். பள்ளிவாசல் தொழுகை நேரமும் கோயில் பூசை நேரமும் பார்த்தே காட்சி நேரம் குறிக்கப்படுகின்றது. எந்த ஊரில் காட்சியோ அந்த ஊர்ப் பெண்கள் தேநீர் தருகின்றனர். ஒரு புறொஜெக்டர் இனப்பிரச்சினையைத் தீர்க்கும் என்று கூறும் பேதைமை எனக்கில்லை. ஆனால் ஒரே பாயில் அமர்ந்து ஒரே கதைக்காகக் கலங்கிய பிள்ளைகளுக்கு, மற்றவரைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யை நம்புவது சற்றுக் கடினமாகவே இருக்கும்.

பாசிக்குடாக் கரையில், போரில் சிதைந்த விடுதிகளின் இடத்தில், 2011 அளவிலிருந்து புதிய உல்லாச விடுதிகள் எழுந்துள்ளன. அந்த மதிலுக்கு அப்பால் என்ன ஒளி வீசினாலும் அது விருந்தினருக்குரியது. அதன்மேல் எங்களுக்குப் பொறாமை இல்லை. எங்கள் பிள்ளைகள் மதிலுக்கு வெளியே நின்று எட்டிப்பார்ப்பவர்களாக வளரக்கூடாது என்பதே எங்கள் கவலை. கிழட்டுக் கருவி ஆயினும் அதன் திறப்பு எங்கள் கையில் இருக்கின்றது. கணக்குப் புத்தகம் எவரும் பார்க்கும்படி மேசைமேல் இருக்கின்றது. யார் இயக்கத் தெரிந்தவர் என்ற பட்டியலில் பதினொரு பெயர்கள் உள, அவற்றுள் ஆறு பெண்களுடையவை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! உங்கள் ஊரிலும் எழுபத்தையாயிரம் ரூபாவை முப்பது நாற்பது பேர் சேர்ந்து திரட்டுவது இயலாத காரியமன்று. அலுவலகங்கள் கழிக்கும் நல்ல கருவிகள் எங்கோ ஓர் அலுமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. விளம்பரத்தின் பூச்சியங்களை நம்பாதீர்கள். மின்சாரத்தின் வோட்டைப் பார்த்துக் கணக்கிடுங்கள். அன்பளிப்பின் நிபந்தனையை வாசிக்காது கையொப்பமிடாதீர்கள். திரையை உங்கள் ஊர்ப் பெண்களைக் கொண்டு தையுங்கள். படம் முடிந்தபின் விளக்கைப் போட்டு, குறைந்தது அரை மணி நேரமாவது மக்கள் பேச இடங்கொடுங்கள். அந்த அரை மணிக்காகவே மற்றைய செலவெல்லாம்.